பொம்மையின் இடுப்பை ஆறால் பெருக்கிப் பார்த்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளின் பொம்மைகள் நிஜ மனிதரின் உடலளவில் இருக்க வேண்டுமா என்ற விவாதத்தில், "பொம்மை பொம்மைதான், அதன் இடுப்பை அளந்துகொண்டிருப்பது வேலையற்றவர்கள் செய்வது" என்று ஒரு வாசகர் உங்கள் பத்திரிகைக்கு எழுதியிருந்தார். இடுப்பை அளப்பதுதான் என் வேலை. உவர்மலையில் வீட்டு முன்னறையில் தையல் இயந்திரத்தைப் போட்டு, பாடசாலைச் சீருடைகளும் சாமத்தியச் சடங்குக்கான பாவாடை தாவணியும் தைத்துப் பிழைப்பவள் நான். ஆகவே அளந்து பார்த்துவிட்டே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மை ஒன்றை அயல்வீட்டுப் பிள்ளை கொண்டுவந்து, அதற்கு ஒரு சட்டை தைத்துத் தரும்படி கேட்டாள். பெட்டியில் நிறுவனப் பெயர் கிடையாது. பார்பியைப் பார்த்து அச்செடுத்த பொம்மை. உயரம் 11.5 அங்குலம், இடுப்புச் சுற்று 3.25 அங்குலம். பார்பி வகைப் பொம்மைகள் மனித உயரத்தின் ஆறில் ஒரு பங்கு என்ற கணக்கில் செய்யப்படுவதால் இரண்டையும் ஆறால் பெருக்கினேன். 5 அடி 9 அங்குல உயரமான பெண்ணுக்கு 19.5 அங்குல இடுப்பு வந்தது. முதலாம் வகுப்பில் சேரும் பிள்ளையின் சீருடைக்கே 20 அங்குலத்துக்குக் குறைத்து நான் வெட்டுவது அரிது. பாதத்தைப் பார்த்தேன். குதி உயர்ந்த சப்பாத்துக்கென்றே வளைத்து வார்த்த பாதம், தரையில் படியவில்லை. சுவரில் சாய்த்து வைத்தால்தான் அந்தப் பொம்மை நிற்கும்.

அந்தக் கணக்கு என் அளவுநாடாவின் பிழை அல்ல. பார்பியின் அளவுகளை நிஜ மனிதரின் அளவுகளோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1996இல் வெளிவந்தது. அப்படியோர் உடம்பு ஒரு இலட்சம் பெண்களில் ஒருத்திக்கும் அமைவது அரிது என்றும், ஆண் பொம்மையான கென்னின் உடம்பு ஏறக்குறைய ஐம்பது ஆண்களில் ஒருவருக்கு அமையக்கூடியது என்றும் அது கண்டது. ஆண்பிள்ளைக்கு எட்டக்கூடிய உடம்பைக் காட்டியவர்கள் பெண்பிள்ளைக்கு எட்டவே முடியாததைக் காட்டியிருக்கிறார்கள்.

இதற்கு நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு நியாயம் சொல்லப்பட்டதுண்டு. அந்த உடம்பு நிஜம்போல் இருப்பதற்காக அமைக்கப்படவே இல்லை, பிள்ளைகள் சுலபமாக உடுப்பை மாற்றுவதற்காக அமைக்கப்பட்டது என்று 2014இல் பார்பியின் தலைமை வடிவமைப்பாளர் கூறினார். தையல் தெரிந்தவள் என்ற முறையில் இதிலுள்ள உண்மையை நான் மறைக்க மாட்டேன். உடம்பை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கலாம், துணியின் தடிப்பைச் சுருக்க முடியாது. பொப்ளின் பாவாடைக்குச் சுருக்கு வைத்து, இடுப்புப் பட்டியை மடித்துத் தைத்தால் அந்த இடத்தில் நான்கைந்து மடிப்புத் துணி சேர்ந்துவிடும். நம் இடுப்பில் அது தெரியாது. பொம்மையின் இடுப்பில் தலையணையைக் கட்டியதுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். அதை மறைக்க உள்ளே இருக்கும் இடுப்பைக் குடைந்துவிட்டால் வேலை சுலபம்தான். ஆனால் பட்டியில்லாமல் வட்டமாக வெட்டிய பாவாடை, தோளிலிருந்து நேரே இறங்கும் சட்டை, மெல்லிய வொயில், இழுபடும் பனியன் துணி, முதுகில் ஒட்டுப்பட்டி என்று எத்தனையோ வழிகள் உண்டு. நான் அந்தப் பிள்ளையின் பொம்மைக்குத் தைத்ததும் அப்படித்தான். துணி தடிப்பாக இருக்கிறது, நீ மெலிந்துகொண்டு வா என்று என்னிடம் வரும் எந்தப் பெண்ணிடமும் நான் சொன்னதில்லை.

பார்பியை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லரின் எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. 1959இல் அவர் அதை நியூயோர்க் கண்காட்சியில் வைத்தபோது சிறுமிகளுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கைக்குழந்தைப் பொம்மைகள்தாம். தாலாட்டுவதைத் தவிர வேறு விளையாட்டு இல்லை. வளர்ந்த பெண்ணாகத் தன்னை நினைத்துப் பார்க்க ஒரு பிள்ளைக்குப் பொம்மை வேண்டும் என்று அவர் நினைத்தது சரியே. உடம்பை எடுத்த இடம்தான் பிழை. ஜெர்மனியில் 1955இல் விற்பனைக்கு வந்த லில்லி என்ற பொம்மையைப் பார்த்தே பார்பி உருவானது. லில்லி ஒரு பத்திரிகைக் கேலிச்சித்திரத்தில் வந்த பெண். முதலில் பெரியவர்களுக்காக விற்கப்பட்ட பொம்மை அது. அந்த உடம்பு சிறுமிகளின் கைக்கு வந்து சேர்ந்தது. 1965இல் பார்பியோடு ஓர் இளஞ்சிவப்புத் தராசும் கொடுத்தார்கள். அது காட்டும் எடை எப்போதும் 110 இறாத்தலிலேயே நிற்கும், அதாவது ஏறக்குறைய 50 கிலோ. கூடவே எடை குறைப்பதைப் பற்றி ஒரு குட்டிப் புத்தகம். அதன் பின்னட்டையில் இருந்த அறிவுரை: "சாப்பிடாதே."

அந்த அறிவுரையை நம் நாட்டில் வைத்துப் படித்துப் பாருங்கள். 1973 முதல் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் திரிபோஷா என்ற சத்துமாவைக் கொடுத்துவரும் நாடு இது. வளர்ச்சி அட்டையில் கோடு கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்துப் பதைக்காத தாய் இங்கே இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் ஒரு வேளைச் சோற்றைத் தாங்கள் விட்டுப் பிள்ளைக்கு ஊட்டியவர்களை என் ஒழுங்கையிலேயே நான் அறிவேன். அப்படி ஊட்டி வளர்த்த பிள்ளைகள்தாம் ஒன்பது, பத்து வயதில் என் முன்னால் வந்து வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தையற்காரிகளைத் தவிர வேறு யாருக்கும் இது தெரிவதில்லை. தோளை அளக்கும்போது பிள்ளை சாதாரணமாக நிற்பாள். நாடா இடுப்புக்கு வந்தவுடன் மூச்சை உள்ளே இழுத்து, வயிற்றை முதுகோடு ஒட்டவைத்து, கண்ணை நேரே சுவரில் வைத்துக்கொள்வாள். அந்த அளவில் தைத்தால் முதல் நாள் பாடசாலையில் உட்காரும்போதே கொளுக்கி தெறிக்கும். அதனால் நாடாவைப் பிடித்தபடியே உன் வகுப்பு ஆசிரியை யார், பக்கத்தில் இருப்பது யார் என்று கேட்பேன். பதில் சொல்ல மூச்சு வெளியே வந்தாக வேண்டும். அப்போது நாடா என் விரலுக்கிடையில் ஓர் அங்குலம், சில பிள்ளைகளுக்கு அதற்கும் மேலே, வழுக்கிக்கொண்டு போகும். அந்த அளவைத்தான் எழுதிக்கொள்வேன். முன்பெல்லாம் சாமத்தியச் சடங்குக்கு அளவெடுக்க வரும் பெண்பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன். இப்போது நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்க்கிறேன். மூன்று இனத்துப் பிள்ளைகளிடமும் பார்க்கிறேன். கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளையும் வயிற்றை எக்குகிறாள், பக்கத்துச் சிங்களக் குடும்பத்துப் பிள்ளையும் எக்குகிறாள்.

எல்லாப் பழியையும் பொம்மைமேல் போட நான் வரவில்லை. கைத்தொலைபேசி இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது. ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால், எழுத்துக்கூட்டத் தெரியாத வயதில் பிள்ளையின் படுக்கைக்கு வருவது பொம்மை. இங்கிலாந்தில் 5 முதல் 8 வயதுவரையான 162 சிறுமிகளிடம் நடத்திய ஆய்வொன்று 2006இல் வெளியானது. பார்பி படங்களைப் பார்த்த சிறிய பிள்ளைகளுக்கு, மற்றப் படங்களைப் பார்த்தவர்களைவிடத் தங்கள் உடம்பின்மேல் மதிப்புக் குறைந்ததாகவும் மெலிய வேண்டும் என்ற ஆசை கூடியதாகவும் அது கண்டது. 2021இல் வெளியான இன்னொரு சிறிய ஆய்வு, மிக மெலிந்த பொம்மையோடு விளையாடியபின் நிஜ உடம்புள்ள பொம்மையைக் கொடுத்தும் அந்தப் பாதிப்பு மாறவில்லை என்று கண்டது. எனக்கு இதுவே பெரிய செய்தி. முதலில் கைக்கு வரும் பொம்மை எது என்பதில்தான் நாம் கவனம் வைக்க வேண்டும்.

அங்கே மாற்றிவிட்டார்களே என்பீர்கள். உண்மை. 2016 ஜனவரியில் பார்பியைச் செய்யும் மட்டெல் நிறுவனம் உயரமானது, குள்ளமானது, சதைப்பிடிப்பானது என்று மூன்று புதிய உடம்புகளை அறிவித்தது. 2019இல் சக்கர நாற்காலியில் இருக்கும் பொம்மையும் செயற்கைக் கால் கொண்ட பொம்மையும் வந்தன. ஆனால் நம் கடைத்தெருவில் நான் பார்ப்பது அசல் பொம்மையை அல்ல. அசலின் விலை எங்கள் வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் தொங்குபவை போலிகள். அவை அச்செடுப்பது அந்தப் பழைய உடம்பைத்தான். அசலைச் செய்தவர்களே போதாது என்று கண்டு மாற்றத் தொடங்கிய இடுப்பு, பத்து வருடம் கழிந்தும் நம் பிள்ளைகளுக்கு இன்னும் கிடைத்துக்கொண்டிருக்கிறது. நிறமும் அப்படியே. அமெரிக்காவில் 1968இலேயே பார்பிக்குக் கறுப்பினத் தோழி வந்துவிட்டாள். இங்கே நம் நிறத்தில் ஒரு பொம்மையைத் தேடி மத்திய வீதியை முழுக்க நடந்தும் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் புலவர்களே மெல்லிடையைப் பாடவில்லையா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். பாடினார்கள். வளர்ந்தவர்கள் வளர்ந்தவர்களுக்குப் பாடியது அது. நான்கு வயதுப் பிள்ளையின் மடியில் அளவுகோலாக அதை யாரும் வைக்கவில்லை.

இனி நானே கண்டதைச் சொல்கிறேன். எங்கள் பகுதி முன்பள்ளிக்கு வெட்டுத் துண்டுகளைச் சேர்த்துத் துணிப் பொம்மைகள் தைத்துக் கொடுத்தேன். மண்ணிறத் துணி, தேங்காய்த் தும்பும் பஞ்சும் அடைத்த உடம்பு. ஒன்று ஒல்லி, ஒன்று வயிறும் இடுப்புமாக நம் பெரியம்மாக்களைப்போல, ஒன்று முதுகு கூனிய ஆச்சி. முதல் நாள் ஐந்து வயதுப் பிள்ளை ஒருத்தி பெரியம்மாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது குண்டு, இதற்குச் சோறு கொடுக்கக் கூடாது" என்று சொல்லிக் கீழே வைத்தாள். அமெரிக்காவிலும் சிறுமிகள் அந்தச் சதைப்பிடிப்பான பார்பியையே குறைவாக விரும்பினார்கள் என்று ஓர் ஆய்வு உண்டு. நிஜ உடம்புப் பொம்மை விலைபோகாது என்பதற்குச் சிலர் இதைத்தான் ஆதாரம் காட்டுகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? என் முன்னறையில் தினமும் கேட்கிறேனே. பிள்ளையின் தலைக்கு மேலால் தாய் என்னிடம் சொல்கிறாள்: "இவள் அப்பா வீட்டு உடம்பு, கொஞ்சம் இறுக்கித் தையுங்கள் அக்கா, அப்போதாவது வாயைக் கட்டுவாள்." பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

பெரியம்மாப் பொம்மையை நான் திருப்பி எடுக்கவில்லை. அவளுடைய சட்டையில் ஒரு பை வைத்துத் தைத்தேன், பிள்ளையின் கை நுழையும் அளவுக்குப் பெரிய பை. அதற்குள் புளியங்கொட்டை போட்டார்கள், சிப்பி போட்டார்கள், பஸ் டிக்கெட் போட்டார்கள். கடைக்குப் போவதும் காசு வைத்திருப்பதும் பஸ்ஸில் எல்லோரையும் ஏற்றுவதும் அவள் என்று ஆயிற்று. இப்போது சண்டை பிடித்துப் பறிப்பது அந்தப் பொம்மையைத்தான், குண்டு என்ற பேச்சே எழுவதில்லை என்று ஆசிரியை சொல்கிறார். அந்த உடம்பைப் புகழவோ பிள்ளைகளுக்கு உபதேசம் செய்யவோ எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. பல உடம்புகளைச் சேர்த்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையைக் கொடுத்தது போதுமாக இருந்தது.

ஆகவே நிஜ உடம்புள்ள பொம்மைகள் வேண்டும் என்றே சொல்கிறேன். ஒரே ஒரு "சரியான" உடம்பு வேண்டாம், வீட்டிலும் சந்தையிலும் பிள்ளை பார்க்கும் அத்தனை உடம்பும் வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் அனுப்பும்வரை காத்திருக்கத் தேவையில்லை. துணிப் பொம்மைக்குரிய வெட்டு அளவுகளை மூன்று உடம்புகளுக்கும் காகிதத்தில் வெட்டி வைத்திருக்கிறேன். திருகோணமலையின் எந்த முன்பள்ளி ஆசிரியை கேட்டாலும் பிரதி எடுத்துத் தருவேன். வெட்டுத் துண்டுகளும் மூட்டை மூட்டையாக இருக்கின்றன, எடுத்துப் போகலாம். ஜனவரிச் சீருடை வேலை தொடங்குமுன் வந்தால் உட்கார்ந்து தைத்தும் காட்டுவேன்.

இப்படிக்கு,
தையற்காரி ஒருத்தி,
உவர்மலை, திருகோணமலை.