சுண்ணாம்பு தடவாத கலயம்

கொலோன், ஜெர்மனி
ஏப்ரல் 26

அன்புள்ள தாத்தாவுக்கு,

நான் நல்ல சுகம். ஆச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அனுப்பிய கருப்பட்டி எறும்பு ஏறாமல் வந்து சேர்ந்தது. இந்தக் கடிதத்தின் மீதியைத் தம்பி உங்களுக்கு வாசிக்கும்போது அம்மா அடுப்படியில் இருந்தால் நல்லது.

மூன்று நாள் முன்பு இங்கே பீர் தினம். 1516-ல் இதே ஏப்ரல் 23-ல்தான், பீரில் வாற்கோதுமை, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ, தண்ணீர் தவிர வேறெதுவும் சேரக் கூடாது என்று பவேரியாவில் சட்டம் போட்டார்களாம். ஈஸ்ட்டைப் பற்றி அதில் பேச்சே இல்லை. புளிக்க வைக்கிற அந்த ஈஸ்ட் ஒரு நுண்ணுயிர் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் விடிவதற்குள் தானாக நுரைத்துக் கள்ளாகிவிடும் என்று நீங்கள் சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

கூட வேலை பார்ப்பவர்கள் என்னையும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரையும் பெரிய தேவாலயத்தை ஒட்டிய பழைய தெருக்களுக்குக் கூட்டிப் போனார்கள். மூன்று கடை. நம்மூர் ஒயின்ஷாப் மாதிரி நினைத்துவிடாதீர்கள். பந்தி போல நீள மேசை. பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் ஆச்சி நிதானமாகக் குடிக்கிறார்.

இந்த ஊர் பீருக்குக் கோல்ஷ் என்று பேர். கொலோனிலும் சுற்றுவட்டாரத்திலும் காய்ச்சினால்தான் அந்தப் பேரை வைக்கலாம். ஒல்லியான கிளாஸ், 200 மில்லிதான். பரிமாறுகிறவர் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு கிழிப்பார். போதும் என்றால் அட்டையை எடுத்துக் கிளாஸை மூட வேண்டும். பந்தியில் இலையை மடக்குவோமே, அது மாதிரி. தெரியாமல் முதல் கடையிலேயே எனக்கு நாலு கோடு!

அந்தத் தெம்பில், பக்கத்து டுசல்டோர்ஃப் ஊரின் கருத்த பீர் இருக்கா என்று கேட்டுவிட்டேன். நெல்லை டவுன் அல்வாக் கடையில் நின்றுகொண்டு முதலூர் மஸ்கோத் அல்வா கேட்டால் எப்படிப் பார்ப்பார்கள்? அப்படிப் பார்த்தார். அப்புறம் 'அரைச் சேவல்' என்று ஒன்று போட்டிருந்தது, ஆசையாகச் சொன்னேன். வந்தது கருத்த ரொட்டியும் ஒரு துண்டு சீஸும். இங்கே அதற்கு அதுதான் பேராம்.

"உங்கட ஊரில என்ன குடிப்பினம்?" என்று அண்ணன் கேட்டார். அவர் ஊர்த் தவறணையில் இன்றைக்கும் கள் விற்கிறார்கள். நம்மூரில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை என்றேன். அதற்கப்புறம் ஒரு ராத்திரி உங்களை ஸ்டேஷனில் உட்கார வைத்த கதையை ஆச்சி சொல்லியிருக்கிறார்கள். அதை மட்டும் சொல்லவில்லை. ஊர்ப்பேரை வைத்துக் கொண்டாடுகிறவர்கள் நடுவில் எப்படிச் சொல்ல?

அதற்குப் பதிலாக, ஓலைப்பட்டையில் நுங்கு போட்டுப் பதநீர் குடிப்பதைச் சொன்னேன். எல்லோருக்கும் ஆச்சரியம். பேப்பர் நாப்கினை மடித்துக் காட்டினேன். ஒருத்தர் விளையாட்டாக அதில் பீரை ஊற்ற, மொத்தமும் என் பேண்ட்டில்.

நீங்கள் மடித்துக் கொடுத்ததை வாங்கிக் குடித்தேனே தவிர, ஒரு பட்டைகூட நான் மடித்ததில்லை. அடுத்த லீவுக்கு வரும்போது சொல்லிக் கொடுங்கள். நம் விளையில் இந்த வருஷம் எத்தனை பனை பாளை விட்டிருக்கிறது? உங்களுக்குப் பிறகு யார் ஏறுகிறார்கள்? தம்பியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் பேரன்