சட்டைப் பொத்தானுக்கு உதவாதவர்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி

பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் கழித்து எழுதுகிறேன். சோம்பல் இல்லை, இரண்டு கையாலும் தட்டச்சு செய்துதான் இதை எழுத வேண்டும் என்று ஒரு வீம்பு. வலது சுட்டுவிரல் இன்னும் பக்கத்து எழுத்தையும் சேர்த்தே அழுத்தும். பிழை இருந்தால் பழியை அதன்மேல் போடுங்கள்.

முதல் நன்றி என் நண்பனுக்கு. பேசிக்கொண்டிருக்கும்போதே என் வாய் ஒரு பக்கம் கோணுவதைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் படுத்து எந்திரிச்சா சரியாயிடும்" என்று நான் குழறியதைக் காதிலேயே வாங்காமல் வண்டியில் ஏற்றியவன் அவன். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டுமாம், எனக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட்டார்கள். அடைப்பு மூளையின் இடது பக்கம், அடி வாங்கியது வலது பக்கம். கால் மூன்று வாரத்தில் வழிக்கு வந்துவிட்டது. கை வரவில்லை.

இரவு நேரச் செவிலியர் அக்காவுக்கு அடுத்தது. என்னை எழுப்பி உட்கார வைக்கிறேன் என்று சொந்தக்காரர் ஒருவர் வலது கையைப் பிடித்து இழுக்க, அக்கா போட்ட சத்தத்தில் வார்டே விழித்துக்கொண்டது. தசையில் பிடிப்பு இல்லாத கையை இழுத்தால் தோள் மூட்டு நழுவிவிடும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து கைக்கு அடியில் எப்போதும் ஒரு தலையணை.

அப்புறம், கைப்பயிற்சி கொடுத்த தெரபிஸ்ட் மேடம். இவருக்குத் தனி மடலே எழுதலாம். பக்கவாதத்தில் விரல் மடங்குவது முதலில் வந்துவிடும், விரிவதுதான் வராது. டம்ளரைப் பிடித்துவிடுவேன், விட முடியாது. இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டும். அவர் ஒருநாள் என் மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்கினார், இறுக்கிக் கிடந்த விரல்கள் தாமாகவே கொஞ்சம் திறந்தன. மந்திரம் ஒன்றும் இல்லை, மணிக்கட்டைத் தாண்டிப் போகும் தசைநாண்கள் செய்யும் வேலை. ஆனால் அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணாடிப் பயிற்சியும் அவர் சொன்னதுதான். கையை இழந்தவர்களுக்கு அந்த இல்லாத கையிலேயே வரும் வலிக்காக, வி.எஸ். ராமச்சந்திரன் என்ற நரம்பியல் விஞ்ஞானி 1990களில் கொண்டுவந்த முறை, பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வலது கை சும்மா கிடக்கும், முன்னால் இடது கை அசையும், பார்க்கிற மூளைக்கு வலது கையே அசைகிற மாதிரி இருக்கும். முதல் வாரம் சிரிப்புத்தான் வந்தது. (கொட்டாவி விட்டால் மட்டும் அந்தச் செத்த கை தானாக மேலே எழும்பும். வேண்டுமென்றே கொட்டாவி விட்டுப் பார்த்தேன், ஏமாறவில்லை.)

ஆறு மாதத்துக்கு மேல் ஒன்றும் திரும்பாது என்று ஒரு இடத்தில் அடித்துச் சொன்னார்கள். முதல் மூன்று மாதத்தில்தான் வேகம் அதிகம் என்பது உண்மைதான். அதற்காகக் கதவு சாத்திவிட்டதாகச் சொல்லியிருக்க வேண்டாம். கட்டைவிரலும் சுட்டுவிரலும் எனக்குச் சேர்ந்ததே ஏழாவது மாதத்தில். ஒரு நிமிடத்தில் எத்தனை சின்ன மரக்கட்டைகளைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போடுகிறோம் என்று ஒரு சோதனை உண்டு. முதல் தடவை 4. போன மாதம் 31.

கடைசியாக என் மனைவி. வலது கையில் கொஞ்சம் அசைவு வந்ததும், நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு மோசமான கையாலேயே எல்லாம் செய்யச் சொன்னார்கள். எட்வர்ட் டாப் என்பவர் வகுத்த முறையாம், எல்லோருக்கும் பொருந்தாது, விரல் ஓரளவாவது விரிய வேண்டும். அந்த இரண்டு வாரமும் ஒரு சட்டைப் பொத்தானோடு நான் பதினொரு நிமிடம் மல்லுக்கட்டுவேன், அவள் எதிரில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாள். கல்நெஞ்சுக்காரி என்று திட்டியும் இருக்கிறேன். உதவ வந்த மகனையும் "விடுடா, அப்பாவே போடட்டும்" என்று தடுத்தாள். அவள் புடவைத் தலைப்பைக் கசக்கிக் கசக்கி முடிச்சாக்கி வைத்திருந்ததை ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

மேடம், பயிற்சிக்குக் கொடுத்த துணிக் கிளிப்புகளில் மஞ்சள் ஒன்று குறைவதாகத் தேடிக்கொண்டிருந்தீர்களே, அது என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது தந்துவிடுகிறேன், வலது கையாலேயே.