ஓர் இங்கிலிஷ்காரன் எழுதுவது

மில்லர்ஸ்பர்க், ஒஹாயோ

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாகிவிட்டது. திட்ட வேண்டியதை எல்லாம் இதற்குள் திட்டி முடித்திருப்பாய். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? இங்கே எல்லோரும் சௌக்கியம்.

ஒரு அரசாங்கப் படிவம் வந்து என்னை எழுத வைத்துவிட்டது. பத்து வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போக, ஒவ்வொரு வருடமும் சில வீடுகளைப் பொறுக்கி ஒரு நீளமான படிவம் அனுப்புவார்கள். வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய் என்பதுவரை கேட்பார்கள். ஐந்து வயதிலிருந்து ஆளாளுக்கு ஒரு கேள்வி: வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி உண்டா, என்ன மொழி, ஆங்கிலம் எப்படிப் பேசுவார்? மிக நன்றாக, நன்றாக, அவ்வளவாக இல்லை, அறவே தெரியாது.

அடக்கமாக ‘நன்றாக’ என்று டிக் அடித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, ‘மிக நன்றாக’வுக்குக் கீழே எதைப் போட்டாலும் ஆங்கிலம் போதாதவர் கணக்கில் சேர்த்துவிடுவார்களாம். நம் இங்கிலிஷ் வாத்தியார் மோட்டார் சைக்கிள் சார் அன்றைக்கே சொன்னார், உனக்கு இங்கிலிஷ் போதாது என்று. சிரிக்காதே.

இந்த ஹோம்ஸ் கவுன்ட்டியில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆமிஷ். கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினர்; குதிரை வண்டிக்காரர்கள் என்று முன்பு எழுதினேனே, அவர்கள்தான். வீட்டுப் பேச்சு டைட்ச்; 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனிப் பக்கமிருந்து வந்த முன்னோர்களின் பேச்சு. பைபிள் பழைய ஜெர்மனில். பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போய்த்தான் ஆங்கிலம் கற்கிறார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 1972இல் உச்ச நீதிமன்றமே அதற்குச் சரி சொல்லிவிட்டது. இங்கே ஒரு மேசை நாற்காலிப் பட்டறைக்காரர் என்னிடம் ஆங்கிலத்தில் விலை சொல்லிவிட்டு, குறைக்கலாமா என்று மகனிடம் டைட்சில் கேட்கிறார். பெங்களூரில் ஷூ வாங்கும்போது நாம் செய்த வேலை! அந்தக் கடைக்காரருக்குத் தமிழ் தெரிந்திருந்தது, ஞாபகமிருக்கிறதா?

ஆமிஷ் அல்லாத எல்லோருமே அவர்களுக்கு ‘இங்கிலிஷ்’. நானும்தான். சாரிடம் சொல்.

பையனுக்கும் ‘ஆம், தமிழ்’ என்றுதான் எழுதினேன். ஆங்கிலம் ‘மிக நன்றாக’. அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. தமிழ் எப்படிப் பேசுவான் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எந்தக் கட்டத்தில் டிக் அடித்திருப்பேன்? போன வாரம் என் அம்மா போனில் பத்து நிமிடம் அவனிடம் பேசினாள். ‘ம்’, ‘ம்’ என்றான். போனை வைத்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில், “பாட்டி என்ன சொன்னாங்க?” என்றான். மாடிப்படியில் விழுந்ததைச் சொல்லியிருக்கிறாள். அதற்கும் ‘ம்’.

ஆமிஷ்காரர்களைப் பார் என்று ஆரம்பித்தால், “அப்போ எட்டாவதோடு நிறுத்திடலாமா?” என்கிறாள் சுதா. வாயை மூடிக்கொள்கிறேன். அந்த விலைக்கு நான் தயாரில்லை.

ஜூனில் அவனை இரண்டு மாதம் உன் வீட்டில் விடட்டுமா? உன் பிள்ளைகள் அவனோடு இங்கிலிஷ் பேசிப் பார்க்கத்தான் துடிப்பார்கள். அதை மட்டும் எப்படியாவது தடுத்துவிடு.

உன்,
ரவி