பாலையாவுக்கும் ஒரு பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய சினிமா என்றாலே கதாநாயகர்களோடு நின்றுவிடுகிறோம். நடிகர் டி.எஸ். பாலையாவைப் பற்றியும் தாங்கள் ஒரு கட்டுரை வெளியிட வேண்டும். எம்.ஜி.ஆரின் முதல் படமான 'சதிலீலாவதி'தான் (1936) இவருக்கும் முதல் படம். அப்புறம் 1972-இல் மறையும்வரை வில்லன், அப்பா, நகைச்சுவை என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் திகில் கதை சொல்லும் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேனோ! பேசுவதெல்லாம் நாகேஷ்தான். பாலையா கேட்கிறார், அவ்வளவுதான். ஆனால் கண் விரிந்து, உடம்பு ஒடுங்கி, அவர் நடுங்குவதைப் பார்த்துத்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. எதிரில் இருப்பவரின் நடிப்பைத் தூக்கிக் கொடுக்கிற பெருந்தன்மை அது.

மறு ஆண்டே 'திருவிளையாடல்' படத்தில் ஹேமநாத பாகவதர் என்ற பாடகர் வேடம். "ஒரு நாள் போதுமா" பாட்டுக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. சரி, அந்த வித்வச் செருக்கு? அது முழுக்கப் பாலையாவின் முகத்தில் இருக்கிறது. அதே முகம் விறகுவெட்டியாக வரும் சிவனின் பாட்டைக் கேட்டு வெளிறிப்போவதையும் பாருங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) தவில்காரரை மறக்க முடியுமா? இந்தப் படங்களை இன்றைய பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்