குர்ஷா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஃபோனில் பேசினால் நீ “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுகிறாய். இப்போது அந்த ஃபோனும் வருவதில்லை. அதனால்தான் கடிதம். கீழ்வீட்டுப் பையன் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அண்ணன் போன வாரம் பாளையங்கோட்டை வந்து மோட்டாரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். பின்பக்கத்து முருங்கை காற்றில் விழுந்துவிட்டது. மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

நீ இஞ்செரா, அதுதான் அந்த எத்தியோப்பியத் தோசை, சுடுகிற வீடியோ படத்தை நாலு தடவை பார்த்தேன். மாவு ஊற்றும்போது உன் கை வெளி ஓரத்தில் ஆரம்பித்து, சுழித்துச் சுழித்து நடுவுக்கு வந்தது பார், அது அப்படியே நாம் எத்தியோப்பியாவில் இருந்த டெஸ்ஸி ஊர்க் கை. நாம் தோசையை நடுவில் ஊற்றி வெளியே இழுப்போம், அங்கே தலைகீழ். உனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஆறு வயதில் பார்த்தது கையில் தங்கியிருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் மாவில் சோடா உப்புப் போட்டாயே, அது ஏன் அம்மாடி? டெஸ்ஸி 2,400 மீட்டருக்கு மேலே இருக்கிற மலையூர். ராத்திரி போர்வைக்குள்ளேயே கால் விறைக்கும். அந்தக் குளிரிலும் டெஃப் என்கிற அந்த ஊர்ச் சிறுதானிய மாவு மூன்று நாளில் தானாகப் புளித்தது. மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்கிற எர்ஷோவை வடித்து, அடுத்த தடவைக்குக் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும். பிறகு மாவிலிருந்து ஒரு அகப்பை எடுத்து, தண்ணீரில் கஞ்சி மாதிரி காய்ச்சி, ஆறவிட்டு, திரும்ப மாவிலேயே கலக்க வேண்டும். அப்சித் என்பார்கள். அதை நீ செய்யவே இல்லை. அப்சித் கலந்த பிறகு மாவு இன்னொரு முறை பொங்கி வரும். அப்போது ஊற்றினால்தான் கண் திறக்கும். அந்தத் துளைகளை அங்கேயும் கண் என்றுதான் சொல்வார்கள். கண் திறக்காத இஞ்செரா குழம்பைப் பிடித்துக்கொள்ளாது. டொரண்டோவில் வீட்டுக்குள் சூடு போட்டிருப்பீர்கள், கூட ஒருநாள் விட்டால் போதும். அவசரப்படாதே.

டோரோ வொட் என்கிற கோழிக்குழம்புப் படத்தில் கோழி வருகிற இடமெல்லாம் நான் பார்க்கவில்லை. வெங்காயத்தை எண்ணெய் இல்லாமல் வெறும் சட்டியில் பொறுமையாக வதக்கினாய், அதைப் பார்த்தேன். அப்புறம்தான் பெர்பெரே மிளகாய்ப் பொடி, அப்புறம்தான் கிபே என்கிற மசாலா நெய். சரியாகச் செய்தாய். கோழியைப் பன்னிரண்டு துண்டாகப் போடுவதுதான் அங்கே முறை என்று சொல்ல மறந்துவிட்டாய்.

எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் நான் சொன்னதே இல்லை. 1985இல் நாம் ஊர் திரும்பியபோது ரேஷன் கடை வரிசையில்கூட “அங்கே சாப்பாடு கிடைத்ததா?” என்று கேட்டார்கள். 1984 அக்டோபரில் நமக்கு வடக்கே கொரெமில் எடுத்த பஞ்சப் படம் உலகம் பூராவும் போயிருந்தது. அது பொய் இல்லை. டெஸ்ஸி வழியாக லாரி லாரியாகத் தானியம் வடக்கே போனதை நானே பார்த்தேன். ஆனால் அந்தப் படத்தோடு அந்தத் தேசத்தை எல்லாரும் மூடி வைத்துவிட்டார்கள். புதன், வெள்ளி தவறாமல், ஈஸ்டருக்கு முன்னால் 55 நாளும் சேர்த்து, பாலும் முட்டையும்கூடத் தொடாமல் பருப்பையும் கடலை மாவையும் கீரையையும் வைத்தே அத்தனை ருசி காட்டுகிற ஜனங்கள். சைவச் சாப்பாட்டுக்காரர்களான நமக்கு வேறு எந்த வெளிநாட்டில் அப்படி அமைந்திருக்கும்? நீ அந்தக் கடலை மாவுக் குழம்பு, ஷிரோ, கொதிக்கிற சத்தத்தை உலகத்துக்கே கேட்க வைத்திருக்கிறாய். பச்சைக் காப்பிக்கொட்டையைக் கண் முன்னால் வறுத்து, புகையை எல்லார் முகத்துக்கு நேரே காட்டி, அபோல், தோனா, பெரெகா என்று மூன்று சுற்று ஊற்றினாய். அப்பா இருந்திருந்தால் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார்.

ஒன்று கேட்கிறேன். இவ்வளவு பெரிய இஞ்செராவை எதற்குச் சுடுகிறாய்? அது நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கிள்ளிச் சாப்பிடுவதற்கு. முன்பெல்லாம் கடைசியில் தட்டின் அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் கை வரும். முகம் தெரியாது, கறுப்புப் பட்டை வாட்ச் மட்டும் தெரியும். தீபாவளிக்குப் பிறகு வந்த ஒன்பது படத்திலும் அந்தக் கை இல்லை. அவருக்கு வேலை அதிகமாக இருக்கலாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஆளுக்கு என்றால் சின்னதாகச் சுடு. மிச்சத்தை யாருக்காவது கொடு. தனியாகச் சாப்பிடாதே. எலும்பு தெரிகிற மாதிரி இருக்கிறாய். நன்றாகச் சாப்பிடு.

வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இதிலேயே இருக்கப் போவதாக அண்ணனிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் தடுக்க மாட்டேன். விளாத்திகுளம் விஷயத்தில் தடுத்துப் பட்டதே போதும். ஆனால் சம்பளம் என்று ஒன்று கையில் இருக்கட்டும். இப்போது இன்னும் அவசியம். ஏன் இப்போது என்று நான் எழுதப் போவதில்லை.

சரி, எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். போன படத்தில் “இதெல்லாம் என் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது” என்றாய். ஹாலந்தில் ஒரு கம்பெனி டெஃப் மாவு பதப்படுத்துகிற முறையைத் தன் கண்டுபிடிப்பு என்று காப்புரிமை வாங்கி வைத்திருந்ததை நீதான் எனக்குச் சொன்னாய். ஹேக் நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்ன அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுப்பிச் சந்தோஷப்பட்டாய். இப்போது என் பெயரைப் போட்டு நீயே அப்படிச் செய்யலாமா?

நான் சொல்லிக்கொடுக்கவில்லை பாப்பா. அந்த நாலு வருஷத்தில் ஒருநாள்கூட இஞ்செரா சுடுகிற மித்தாத் கல் பக்கத்தில் நான் உட்கார்ந்ததில்லை. வாசற்படியில் நின்று பார்த்ததுதான். இறைச்சி தொடுகிற கை என்று, வீட்டு வேலை செய்த எமாமாவை நம் அடுப்பங்கரைக்குள் விட்டதில்லை. பின்னால் தகரக் கொட்டகையில் தனக்கு அவள் சுட்டுக்கொள்வாள். நீ பள்ளிக்கூடப் பையைப் போட்டுவிட்டு நேரே அங்கே ஓடுவாய். அப்பாவும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, தெரியாது. இல்லாமல் இருந்தால் நல்லது என்று நாற்பது வருஷம் வேண்டிக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை. அவள் இஞ்செராவைக் கிள்ளி, மிசிர் வொட் என்கிற பருப்புக் குழம்பை அதில் வைத்துச் சுருட்டி உன் வாயில் ஊட்டினாள். குர்ஷா. பிரியப்பட்டவர்களுக்கு அப்படித்தான் கொடுப்பார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். பள்ளிக்கூடத்து வீடுகளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஓடிவந்து உன் வாய்க்குள் விரலை விட்டு அதைத் தோண்டி எடுத்தேன். குழாயடிக்கு இழுத்துப் போய் வாயைக் கழுவினேன். அவள் கண் முன்னால். எச்சில், எச்சில் என்று கத்தினேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. புரியாமல் இருந்திருக்குமா? கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பச்சை குத்தின சிலுவை, அதற்குக் கீழே அந்தக் கண். அதற்குப் பிறகு நான் இருக்கும்போது அவள் உன்னைத் தொட்டதில்லை. நாம் கிளம்பின அன்றைக்கு பஸ் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நீ படத்தில் அவள் பெயரைச் சொல்ல வேண்டும். கேட்டால் கொடுக்க என்னிடம் பெயர் இல்லை. வயதான பெண்களை எல்லாரும் எமாமா என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய கணக்கு நோட்டு இருக்கிறது. இந்த வாரம் முழுக்கப் புரட்டினேன். பால்காரர் பெயர் இருக்கிறது, விறகு கொண்டுவந்தவர் பெயர் இருக்கிறது. அவளுக்கு மாதா மாதம் “வேலை ஆள்” என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

உனக்கு ஞாபகம் இருந்தால் எனக்கு எழுது. இல்லை என்றால் டெஸ்ஸியில் எமாமா என்று ஒருவர் கற்றுக்கொடுத்தார் என்று சொல். என் பெயரை எடுத்துவிடு.

அப்புறம், அண்ணன் என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வைத்திருக்கிறான். குளிர் எனக்குப் புதுசு இல்லை. மாப்பிள்ளை வீட்டில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, நான் வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லாதே. எர்ஷோ கொஞ்சம் எடுத்து வை. பெரியதாகவே சுடு. தட்டுக்கு அந்தப் பக்கம் நான் உட்காருகிறேன். நீ ஊட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

சாப்பிடு. ஃபோன் பண்ணு.

அம்மா