ரகசிய எழுத்தை அவிழ்க்கத் தமிழில் வேறு சாவி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கணினி விளையாட்டுகளின் ரகசிய எழுத்துகளைச் சின்ன வயதில் நோட்டில் வரைந்து படித்தவர்கள் பற்றிய கட்டுரை கண்டேன். எப்படி அவிழ்ப்பது என்பதை மட்டும் அது சொல்லாமல் விட்டுவிட்டது.

1990இல் வந்த கமாண்டர் கீன் விளையாட்டின் பலகைகளில் இருந்தது, அதன் வடிவமைப்பாளர் டாம் ஹால் உருவாக்கிய எழுத்து. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கும் ஆளுக்கொரு குறி, அவ்வளவுதான். இன்று பிள்ளைகள் மைன்கிராஃப்ட் விளையாட்டின் மந்திர மேசையில் பார்ப்பதும் இதே எழுத்துதான். ஆனால் அங்கே வரும் சொற்கள் தற்செயலாகப் பொறுக்கிப் போட்டவை. கிடைக்கப்போகும் மந்திரத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. உட்கார்ந்து அவிழ்ப்பது வீண்.

ஆங்கிலத்தில் வழி எளிது. தனியாக நிற்கும் ஒற்றைக் குறி 'ஏ' (a) அல்லது 'ஐ' (I). அடிக்கடி வரும் மூன்று குறிச் சொல் பெரும்பாலும் 'தி' (the). அதன் கடைசிக் குறி 'இ' (e), பக்கம் முழுக்க அதிக முறை வருவதும் அதுவே. தவறு நேர்வது படியெடுக்கும்போது. கீன் எழுத்தில் 'ஜே', 'டபிள்யூ' இரண்டுக்கும் மூன்று புள்ளிதான்: முன்னதில் ஒன்றின் கீழ் ஒன்று, பின்னதில் முக்கோணம். கையால் வரைவதைவிட பழைய விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் கன்ட்ரோலையும் எஃப்5-ஐயும் சேர்த்து அழுத்தித் திரையைப் படமாகச் சேமிப்பது நல்லது.

இதே வழியைத் தமிழுக்குப் போட்டால் முதல் படியிலேயே நிற்கும். 247 எழுத்துக்கும் தனித்தனிக் குறி என்றால் அரைப் பக்கச் செய்தியில் பாதிக் குறிகள் ஒரு தடவைகூட வராது. எதை வைத்து எண்ணுவது? ஆகவே உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று 31 குறிகள் போதும். 'பள்ளி' என்பதை ப், அ, ள், ள், இ என்று பிரித்து எழுத வேண்டும்.

இனி இலக்கணமே சாவி. அதிகம் வருவது பொதுவாக அகரம். அடுத்தடுத்து ஒரே குறி இரண்டு வந்தால் அது மெய். ஆனால் ர், ழ் ஆக இருக்காது, அவை இரட்டிக்கா. ஆங்கிலத்தில் இல்லாத அருமையான தடயம் ஒற்று மிகுதல். 'வீட்டுக்குப் போ', 'கதையைச் சொல்' என்பவற்றில் முதல் சொல்லின் கடைசிக் குறியே அடுத்த சொல்லின் முதல் குறி. அப்படிக் கண்டால் க், ச், த், ப் நான்கில் ஒன்று என்று வைத்துத் தொடங்கலாம். 'மரம் மேல்' போன்ற இடம் ஏமாற்றும். எனவே ஒரே இடத்தை நம்பாமல் மூன்று நான்கு இடம் ஒப்பிட வேண்டும். செய்தி எழுதுபவர் ஒற்றை விழுங்கிவிட்டால் இந்தத் தடயமே போய்விடும் (இப்போதைய விளம்பரப் பலகைகளைப் பார்த்தால் அந்தப் பயம் நியாயமானதே). 'டீ', 'லாரி' போன்ற சொற்களும் வேண்டாம். ட, ல தமிழ்ச்சொல்லின் முதலில் வராது என்ற விதி அவற்றால் குழம்பும்.

பழகிய பிள்ளைகளுக்கு நம் குமரி மாவட்டத்தில் நிஜமான பாடமே இருக்கிறது. சிதறால் மலையிலும் திருநந்திக்கரைக் குடைவரையிலும் தமிழின் பழைய எழுத்து முறையான வட்டெழுத்தில் கல்வெட்டுகள் உள்ளன. இது ரகசிய எழுத்தல்ல, அட்டவணை கிடைக்கிறது. அட்டவணை கையில் இருந்தும் தடுமாறுவதற்குக் காரணங்கள் உண்டு. பெரும்பாலும் புள்ளி இடாததால் 'பக்கம்' என்பது 'பககம' என்று நிற்கும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. பிற்கால வட்டெழுத்தில் ப, ய, வ மூன்றும் கிட்டத்தட்ட ஒரே உருவம். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. ஒற்று மிகுதலை வைத்துச் சொல்லின் எல்லை பிடிப்பது அங்கே கடினம், ஒரே எழுத்து இரட்டித்து வருவதை வைத்து மெய்யைப் பிடிக்கலாம். சுண்ணக்கட்டியோ மாவோ பூசிப் படிக்கக் கூடாது, கல் கெடும். காலையிலோ மாலையிலோ சாய்வெயில் விழும்போது பக்கவாட்டில் படமெடுத்தால் வெட்டு தெளிவாகத் தெரியும். குடைவரைக்குள் என்றால் டார்ச்சைப் பக்கத்திலிருந்து சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு 31 குறிப் புதிர் வெளியிடலாம். நாற்பது சொல்லுக்குக் குறையாமல் இருக்கட்டும். குறைந்தால் எண்ணிக்கை உதவாது, பிள்ளைகள் ஊகத்தில் இறங்கிவிடுவார்கள்.

– ஒரு வாசகர், தக்கலை