டைமர் பிடிப்பவர் இலக்கைப் பார்க்க வேண்டாம்

கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங் போட்டிகளை நடத்தும் கிளப் பொறுப்பாளர்களுக்கும், குழுக்களை வழிநடத்தும் மார்ஷல்களுக்கும்,

வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். சுடுபவரின் நேரத்தைக் கணக்கிடும் டைமர் ஆபரேட்டர்கள் மிஸ், அதாவது இலக்கில் படாத குண்டுகளை, எண்ணுவதை நிறுத்தச் சொல்லுங்கள். சுடுபவருக்குப் பக்கத்தில் டைமரோடு நிற்கிறவர், கண்ணை இரும்புத் தட்டுகள் மேல் வைத்துக்கொண்டு இது பட்டது, அது படவில்லை என்று மனதுக்குள் கணக்குப் போடுவதைப் பல போட்டிகளில் பார்த்துவிட்டேன். நீங்களும் பார்க்கிறீர்கள், ஆனால் யாரும் எதுவும் சொல்வதில்லை. அந்தக் கணக்குக்குத்தான் மூன்று ஸ்பாட்டர்கள் இருக்கிறார்களே, மூவரில் இருவர் சொல்வதுதானே முடிவு? டைமர் பிடிப்பவர் பார்க்க வேண்டியது துப்பாக்கியையும் அதைப் பிடித்திருக்கும் கையையும்தான்.

இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கௌபாய் வேடத்தில், பழைய பாணித் துப்பாக்கிகளால் இரும்புத் தட்டுகளை நேரக் கணக்கில் சுடும் விளையாட்டு இது. 1980களின் தொடக்கத்தில் தெற்குக் கலிபோர்னியாவில் ஆரம்பித்தது, 1987இல் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி உருவானது. ஒரு ஸ்டேஜில், அதாவது போட்டியின் ஒரு சுற்றில், ஒருவரே இரண்டு ரிவால்வர், ஒரு லீவர் ரைபிள், ஒரு ஷாட்கன் என்று நான்கையும் மாற்றி மாற்றிச் சுடுவார். வழக்கமாக ரிவால்வர்களில் ஐந்தைந்து, ரைபிளில் பத்து, ஷாட்கனில் நான்கோ அதற்கு மேலோ. கை தேர்ந்தவர்கள் இத்தனையையும் அரை நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள், நடுவில் இடம் வேறு மாறுவார்கள். ஆபத்து வந்தால் அது துப்பாக்கி கை மாறும் அந்த நொடிகளில்தான் வரும், தட்டில் குண்டு படுகிறதா இல்லையா என்பதில் இல்லை.

எனக்கு மிகவும் பயம் தருவது ஸ்குவிப், அதாவது குண்டு வெளியே போகாமல் குழலில் சிக்குவது. பின்னுதை குறையட்டும் என்று பலர் வெடிமருந்தைக் குறைவாகப் போட்டுத் தாங்களே தோட்டா தயாரிக்கிறார்கள். ஏதோ ஒரு தோட்டாவில் மருந்து விழாமலே போய்விட்டால், தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் விசை மட்டும் ஈயக் குண்டைக் குழலுக்குள் கொஞ்சம் தள்ளி அங்கேயே சிக்க வைத்துவிடும். சத்தம் சப்பென்று வரும். அதன் பின்னாலேயே அடுத்த குண்டும் போனால் குழல் வீங்கும், வெடித்தாலும் வெடிக்கும். காதில் மாட்டிய ஒலித்தடுப்பும் வேகமும் சேர்ந்து சுடுபவருக்கு அந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது, அடுத்த குண்டுக்கு ஹேமரை (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தியலை) இழுத்துக்கொண்டிருப்பார். அந்தக் கணத்தில் நிறுத்தக் கூடியவர் கை எட்டும் தூரத்தில் நிற்கும் டைமர் ஆபரேட்டர் ஒருவர்தான், அவரோ ஏழாவது தட்டை எண்ணிக்கொண்டிருந்தால்? சந்தேகம் வந்தாலே நிறுத்தட்டும். குழல் சுத்தமாக இருந்தால் மறுபடி சுட வாய்ப்பு கொடுத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

குழல் முனை எப்போதும் இலக்குப் பக்கமாக 170 டிகிரி கோணத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதியும் இப்படித்தான். எதிர்ப்பக்கக் கையால் உருவும் கிராஸ்-டிரா உறையிலிருந்து உருவும்போது உடலைத் திருப்ப மறந்தால், அல்லது இடுப்புப் பட்டையிலிருந்து ஷாட்கனுக்குத் தோட்டா எடுக்கும்போது துப்பாக்கி பக்கவாட்டில் சாய்ந்தால், குழல் முனை எல்லையைத் தாண்டுவது ஒரு நொடி வேலை. தட்டைப் பார்க்கிறவர் கண்ணில் அது படவே படாது.

அப்புறம் மேசைகள். சுடும் முன் தோட்டா போடும் லோடிங் மேசையிலும் சுட்ட பின் காலி செய்யும் அன்லோடிங் மேசையிலும் சரிபார்க்க, அந்த நேரத்தில் யார் சும்மா இருக்கிறாரோ அவரை நிறுத்துகிறோம், அவர் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே தலையாட்டுகிறார். ரிவால்வரில் ஐந்து தோட்டாதான், ஹேமர் காலி அறை மேல்தான் இருக்க வேண்டும் என்பது அழகுக்காக வைத்த விதியா? ஒவ்வொரு முறையும் கையால் ஹேமரை இழுக்கும் பழைய பாணி சிங்கிள் ஆக்‌ஷனில் ஹேமர் தோட்டா மேல் இருக்கும்போது துப்பாக்கி கீழே விழுந்தால் வெடித்துவிடக்கூடும். ஸ்டேஜ் முடிந்து வருபவரின் ஒவ்வொரு அறையையும் சுழற்றிப் பார்த்த பிறகுதான் அவரை விட வேண்டும், அவர் நாற்பது வருட அனுபவசாலியாக இருந்தாலும் சரி.

இன்னொன்று, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். சந்தேகத்தின் பலன் சுடுபவருக்கே என்ற நல்ல பழக்கத்தை நாம் பாதுகாப்பு மீறலுக்கும் நீட்டிவிட்டோம். பட்டதா இல்லையா என்ற சந்தேகத்துக்கு அது சரி. காலித் துப்பாக்கி கையிலிருந்து விழுந்தால் அந்த ஸ்டேஜ் போச்சு, தோட்டாவோடு விழுந்தால் போட்டியே போச்சு, இதில் என்ன சந்தேகம் இருக்கிறது? விழுந்ததைச் சுடுபவர் தொடக்கூட வேண்டாம், அதிகாரிதான் எடுத்துச் சோதித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் எல்லோரும் நண்பர்கள், வேடம் போட்டு, புனைபெயரில் கூப்பிட்டுக்கொண்டு குடும்பம் போலச் சுடுகிறோம், அதனால் சொல்ல வாய் வருவதில்லை. துணிந்து சொல்கிற டைமர் ஆபரேட்டரை மற்றவர்கள் முறைக்கும்போது நீங்கள் அவர் பக்கம் நிற்க வேண்டும், எல்லோர் முன்னாலும்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ரேஞ்ச் அதிகாரிப் பயிற்சி முடிக்காதவர் கையில் டைமரைக் கொடுக்காதீர்கள். வெயிலில் ஒருவரையே முழுக் குழுவுக்கும் நிற்க வைக்காமல் சில பேருக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். காலைப் பாதுகாப்புக் கூட்டத்தில், டைமர் பிடிப்பவர் மிஸ் எண்ண மாட்டார், அவரிடம் யாரும் மிஸ் கேட்கவும் கூடாது என்று சத்தமாக அறிவியுங்கள். அடுத்த போட்டிக்கு ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடுங்கள், என் முறை சுட்டு முடித்ததும் அன்லோடிங் மேசையில் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
உங்களோடு சுடும் ஒருவன்